குதிரை லாயமும் விருந்தாளி அறையும்

"பழைய பண்ணை வீடு, பின்னால லாயம், லாயத்துல நாலு குதிரை, வீட்டுக்காரங்களே சமைச்சுப் போடுற சாப்பாடு. ரெண்டு நாள் வந்து தங்கிட்டுப் போங்க." இந்த மாதிரி விளம்பரம் இப்போ எங்க பார்த்தாலும் கண்ணுல படுது. வயநாடு, குடகுன்னு ஆரம்பிச்சது, மெதுவா நம்ம சிறுமலை, ஆத்தூர், தாண்டிக்குடி அடிவாரம் வரைக்கும் வந்தாச்சு. பார்த்ததும் நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுறாங்க. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?"ங்கிறது ஒரு கட்சி. "விருந்தோம்பல் நம்ம பண்பாடு, இதுல என்ன புதுசு?"ங்கிறது இன்னொரு கட்சி.

ரெண்டுமே பாதி உண்மைதான்னு எனக்குத் தோணுது. குதிரை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. வழிப்போக்கருக்கு இடம் கொடுக்கிறதும் புதுசு இல்லை. ஆனா குதிரை, வழிப்போக்கர், குடும்பம் மூணும் ஒரே கூரைக்குக் கீழ இருந்ததே இல்லை. ஏன் இல்லைங்கிறதுதான் இந்தப் பதிவு. நான் நாகல் நகர்க்காரன், அதனால திண்டுக்கல்லை வச்சே ஆரம்பிக்கிறேன்.

குதிரை வந்த கதை

தமிழ்நாட்டுச் சமவெளி குதிரைக்கு ஏத்த பூமி கிடையாது. காங்கேயம் மாட்டுக்கு ஏத்த பூமி. அதனால நம்ம ராஜாக்கள் குதிரையை எப்பவும் வெளியில இருந்துதான் வாங்கினாங்க. பாண்டிய நாட்டு நிலைமையை 13ஆம் நூற்றாண்டு கடைசியில இங்க வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்குறார், அவரோட சகோதரர்களும் அதே மாதிரி வாங்குறாங்க, வருஷக் கடைசியில நூறு கூட மிஞ்சறதில்லை என்கிறார். காரணமும் சொல்றார்: குதிரையைப் பராமரிக்கத் தெரிஞ்ச ஆளும் இல்லை, லாடம் அடிக்கிற ஆளும் இல்லை. அரிசிச் சோத்தோட இறைச்சியை வேக வச்சுப் போட்டாங்களாம். பாவம் குதிரை!

மாணிக்கவாசகர் கதையும் இதே பொருளாதாரத்துல முளைச்சதுதான். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பொன்னைக் கொடுத்து அனுப்பினான், மந்திரி திருப்பெருந்துறையில கோயில் கட்டிட்டார். நரி பரியான கதையை பக்தியோட படிக்கிறோம், சரி. ஆனா ஒரு ராஜாவோட கஜானாவுல குதிரைச் செலவு எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருந்தா அதை வச்சு ஒரு புராணமே உருவாகும்னு யோசிச்சுப் பாருங்க.

திண்டுக்கல்லுக்கு வருவோம். மலைக்கோட்டையை 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டினார். 1755-ல் ஹைதர் அலி இங்க ஃபவுஜ்தாராக வந்தார். பின்னாளில் மைசூரையே பிடிச்ச ஹைதர், படை திரட்டவும் பிரெஞ்சுக்காரங்களை வச்சு ஆயுதச் சாலை அமைக்கவும் கத்துக்கிட்ட இடம் நம்ம ஊர்தான். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி இருக்கிறதாலதான் பேகம்பூருக்கு அந்தப் பேர். சிவகங்கை வேலு நாச்சியார் ஹைதர் உதவியை நாடி இந்தப் பக்கம் வந்தப்ப, விருப்பாச்சியில கோபால நாயக்கர் பாதுகாப்புல இருந்தாங்க. அந்தக் காலத் திண்டுக்கல்லை இப்போ கற்பனை பண்ணினா, பூட்டுச் சத்தத்துக்குப் பதிலா குளம்புச் சத்தம்தான் கேட்கும்.

1790-ல் வெள்ளைக்காரங்க கோட்டையைப் பிடிச்சாங்க. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை நிரந்தரமா அவங்க கைக்குப் போச்சு. பாளையக்காரங்க படைகளைக் கலைச்சாச்சு. படை போனதும் குதிரையோட முதல் வேலை போச்சு. மிச்சமிருந்தது ஜமீன் கௌரவம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோட அதுவும் முடிஞ்சது. கடைசியா இருந்த வேலை ஜட்கா. ரயிலடியில இருந்து வீட்டுக்குச் சாமானோட போக ஜட்கா வண்டிதான். ஆட்டோ வந்தது, ஜட்கா போச்சு. பழனியில மட்டும் அடிவாரத்துக்குப் போற பக்தர்கள் புண்ணியத்துல குதிரை வண்டி ரொம்ப காலம் தாக்குப் பிடிச்சது.

இந்த வரிசையைக் கவனிங்க. படை, ஜமீன், ஜட்கா. ஒவ்வொரு வேலையா போகப் போகக் குதிரையும் போச்சு. ஆசைக்காகக் குதிரை வளர்த்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். வளர்ந்த குதிரை ஒண்ணு தினமும் எட்டுப் பத்து கிலோ காய்ந்த புல்லுக்குக் குறையாம தின்னும். கொள்ளு தனி. ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை லாடம் மாத்தணும். மாடு கூட பால் கொடுக்கும், சாணி கொடுக்கும். வேலை இல்லாத குதிரை செலவை மட்டும்தான் கொடுக்கும்.

வழிப்போக்கர் தங்கிய இடம்

இப்போ அடுத்த பக்கம். நம்ம ஊர்ல பயணிகள் எங்க தங்கினாங்க? சத்திரத்துல. நம்ம மாவட்டத்துல ஒட்டன்சத்திரம்னு ஒரு ஊர்ப் பேரே இருக்கு. 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள்னா சாலையும் சத்திரமும்தான் ஞாபகத்துக்கு வரும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காத மதுரைப் பயணி கிடையாது.

சத்திரம் எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்க, தஞ்சை சரபோஜி மன்னர் 1801-ல் கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதின கடிதம் ஒண்ணு போதும். எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் சாப்பாடு உண்டு. சமைச்சதைச் சாப்பிடாதவங்களுக்கு அரிசி பருப்பு உண்டு. நடு ராத்திரியில மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருக்காங்களான்னு கூப்பிடுவாங்க. நோயாளிக்கு வைத்தியம், கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கவனிப்பு, வழியிலேயே செத்தவனுக்கு அவனவன் முறைப்படி சடங்கு. இத்தனையும் காசில்லாம. கம்பெனி சத்திர மானியத்துல கை வச்சிடுமோங்கிற பயத்துல எழுதின கடிதம் அது. படிக்கும்போது தொண்டை அடைக்கும்.

வெள்ளைக்காரங்களுக்குச் சத்திரம் ஒத்து வரலை. அவங்களுக்காகச் சாலை நெடுக முசாபரி பங்களா வந்தது. ரெண்டு மூணு அறை, ஒரு சமையல்காரர், தங்கறதுக்குக் கட்டணம். இன்னிக்கும் பல ஊர்ல 'டி.பி. ரோடு'ன்னு ஒண்ணு இருக்கே, அந்த டி.பி. இதோட ஆங்கிலப் பேர்தான் (டிராவலர்ஸ் பங்களா).

இதுல நம்ம ஊர் சம்பந்தப்பட்ட சுவாரஸ்யமான கிளை ஒண்ணு உண்டு. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல முதல் ரெண்டு வீட்டைக் கட்டினாங்க. 1875-ல் திருச்சி - மதுரை ரயில் வந்ததும், கொடைக்குப் போறவங்க அம்மையநாயக்கனூர்ல இறங்கினாங்க. (அதான் இப்போ கொடை ரோடு ஸ்டேஷன்.) அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. மலை அடிவாரத்துல கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்க வண்டியை விட்டுட்டு, பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான பாதையில மட்டக்குதிரை மேலயோ டோலியிலயோ ஏறணும். 1910-களில் மோட்டார் போற சாலை முடியுற வரைக்கும் இதுதான் வழி.

திண்டுக்கல் சமவெளி வழியா இத்தனை வருஷம் இத்தனை வெளிநாட்டுக் குடும்பங்கள் போய் வந்திருக்கு. குதிரையும் வாடகைக்குக் கிடைச்சிருக்கு. வழியில பெரிய பெரிய பண்ணை வீடுகளும் இருந்திருக்கு. ஆனாலும், "வாங்க, எங்க வீட்டுல தங்குங்க, இவ்வளவு காசு"ன்னு ஒரு தொழில் இங்க உருவாகவே இல்லை.

ஏன் வீட்டுல இடம் இல்லை?

என் கணிப்பு இது. நம்ம ஊர்ல வழிப்போக்கரைக் கவனிக்கிறது ஒண்ணு தர்மம், இல்லைன்னா சர்க்கார் வேலை. ரெண்டுக்கும் வீட்டுக்கு வெளியிலதான் இடம். வீட்டுக்குள்ள வர்றவர் உறவு, இல்லைன்னா உறவு மாதிரி. அவர்கிட்ட காசு வாங்கினா அதைவிடக் கேவலம் கிடையாது. வழியில போறவன் உட்காரத் திண்ணை உண்டு, குடிக்கத் தண்ணி உண்டு. நிலைப்படியைத் தாண்டினா கதை வேற. ஜாதியும் அந்த நிலைப்படியிலதான் காவலுக்கு உட்கார்ந்திருந்ததுங்கிறதை மறைக்க வேண்டியதில்லை. "விருந்தோம்பல் நம்ம பண்பாடு"ன்னு சொல்றவங்க, எந்த விருந்தாளி எதுவரைக்கும் உள்ள வர முடிஞ்சதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்கு அப்போ வேற வேலை இருந்தது. எங்க நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளை எடுத்துக்குங்க. முன்னால திண்ணை, உள்ள போனா தறி. வீடே பட்டறை. விருந்தாளிக்கு ஒதுக்க அங்க ஏது அறை? கிராமத்துத் தோட்டத்து வீடுன்னா நெல் மூட்டை, கடலை மூட்டை, புகையிலை, கலப்பை, கூட்டுக் குடும்பம். வீட்டுக்கு வேலை இருந்தவரைக்கும் வீடு நின்னது. நெல்லு மில்லுக்குப் போச்சு, பிள்ளைங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் போச்சு, வீடு சும்மா நிக்குது. குதிரைக்கு ஆனதுதான் இப்போ வீட்டுக்கும் ஆகுது.

வெளியில என்ன செஞ்சாங்க?

இதே சிக்கல் மத்தவங்களுக்கும் வந்திருக்கு. ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவுல கிராமம் காலியாச்சு. பிரான்ஸ்ல 1950-களில், விவசாயி தன்னோட காலி வீட்டைச் சரி பண்ணி விடுமுறைக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விட ஒரு அமைப்பே உருவாச்சு. 'ஜீத் த பிரான்ஸ்'னு பேர், 1955-ல் கூட்டமைப்பாச்சு. இத்தாலியில 1985-ல் இதுக்குன்னே 730ஆம் எண் சட்டம் வந்தது. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம்: விருந்தாளி வரலாம், குதிரை சவாரி வைக்கலாம், சாப்பாடு போடலாம், ஆனா முதல் தொழில் விவசாயமாவே இருக்கணும். விருந்தாளி வருமானம் விவசாயத்துக்குத் துணை. விவசாயத்தை மூடிட்டு ஓட்டல் நடத்தினா அந்தப் பேரை வச்சுக்க முடியாது.

குதிரையையும் சேர்த்துப் பார்க்கணும்னா ராஜஸ்தானுக்குப் போகணும். அங்க மார்வாரிக் குதிரை, காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு தொடுற ஜாதி. 1950-களில் ஜாகீர்தாரி ஒழிஞ்சதும் தாக்கூர்களோட நிலமும் வருமானமும் போச்சு, குதிரைக்குத் தீனி போட முடியலை. இனமே அழியற நிலைமை. நல்ல நல்ல குதிரையெல்லாம் பொதி சுமக்கப் போச்சு.

அதைத் திருப்பினது சர்க்கார் பண்ணை மட்டும் இல்லை, சில குடும்பங்கள். ஜோத்பூருக்குத் தெற்கே ரோஹெட்னு ஒரு கிராமம். அங்க 17ஆம் நூற்றாண்டுக் குடும்ப வீடு ரோஹெட் கட். 1980-களில் புரூஸ் சாட்வின் அங்க தங்கி 'தி சாங்லைன்ஸ்' (1987) புத்தகத்துல ஒரு பகுதியை எழுதினார். பிறகு குடும்பம் அந்த வீட்டையே விருந்தினர் விடுதியாக்கி, கூடவே மார்வாரிக் குதிரைகளை வளர்த்து, விருந்தாளிகளைக் குதிரையில கிராமங்களுக்கு அழைச்சிட்டுப் போக ஆரம்பிச்சது. ஷெகாவதி பக்கம் டுண்ட்லோட் கோட்டைக் குடும்பமும் இதே வழி. அந்தக் குடும்பத்து ரகுவேந்திர சிங்கும், பிரான்செஸ்கா கெல்லிங்கிற ஆங்கிலேயப் பெண்மணியும் சேர்ந்துதான் 1999-ல் நாட்டுக் குதிரை இனங்களுக்கான இந்தியச் சங்கம் உருவாக முன்னால நின்னாங்க.

இங்க நடந்தது என்னன்னா, படையும் ஜாகீரும் போன குதிரைக்குப் புதுசா ஒரு வேலை கிடைச்சது. விருந்தாளியைச் சுமக்கிற வேலை. அந்த வேலையோட காசுலதான் குதிரையும் பிழைச்சது, வீட்டுக் கூரையும் நின்னது.

பக்கத்துலயே ஒரு பாடம்

ராஜஸ்தான் ராஜா வீடெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. சரி, நத்தம் சாலையில ஏறினா ரெண்டு மணி நேரத்துல செட்டிநாடு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல் வழியாத்தான் பழனிக்கு நடந்து போகுது, அதனால அவங்க நமக்கு அந்நியமும் இல்லை. பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல், முட்டைச் சுண்ணாம்பு பூசின சுவர்னு கட்டின வீடுகள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுல நுழைஞ்சதும் அங்க இருந்த கொடுக்கல் வாங்கல் விழுந்தது. வீட்டைக் கட்டின வருமானம் போச்சு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினஞ்சு பங்காளி, ஆளுக்கொரு ஊர்ல. பல வீடுகளை இடிச்சு, தூணையும் கதவையும் காரைக்குடி பழம்பொருள் கடையில எடைக்கு எடை வித்தாங்க.

அந்த நேரத்துல, 1999-ல், எம்.எஸ்.எம்.எம். குடும்பம் தங்களோட பழைய கிளப் கட்டடத்தைச் சீர் பண்ணி 'பங்களா'ங்கிற பேர்ல விடுதியாத் திறந்தது. நடத்தினது மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி. இலை போட்டு வீட்டுச் சமையல். அந்தச் சமையலே 2014-ல் புத்தகமாவும் வந்தது. அதுக்குப் பிறகு சிதம்பர விலாஸ், விசாலம், சாரதா விலாஸ்னு ஒவ்வொண்ணா வந்தது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியல்லயும் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது. எல்லா வீடும் காப்பாத்தப்படலை, நிறைய போயிடுச்சு. ஆனா நிக்கிற வீட்டுல பலதும், யாராவது வந்து தங்குறதாலதான் நிக்குது.

நம்ம பக்கம் என்ன நடக்கணும்?

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் நம்ம ஊருக்கு வெளிய இருக்கு. தாத்தா கட்டின தோட்டத்து வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை, முத்தம், பின்னால மாட்டுக் கொட்டில். அண்ணன் தம்பி நாலு பேர்ல ரெண்டு பேர் பிளாட் போட்டு வித்துடலாம்ங்கிறாங்க. கடைசித் தம்பி மட்டும், "அண்ணே, கொட்டிலை லாயமாக்கி ரெண்டு குதிரை வாங்கிக் கட்டினா ஆளுங்க வருவாங்களா?"ன்னு என்கிட்ட கேட்டார். இந்தக் கேள்விக்கு "வரும்", "வராது"ன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்றது நியாயம் இல்லை. நான் அவருக்குச் சொன்னதையே இங்கயும் எழுதறேன்.

முதல்ல வீடு. சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசிடாதீங்க. சுண்ணாம்பு ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும், சிமெண்ட் அதை உள்ளயே அடைச்சு வைக்கும். ரெண்டே மழைக்காலத்துல சுவர் உப்புப் பூத்து உதிரும். கூரையில ஒழுகுதுன்னு கான்கிரீட் பாரத்தை ஏத்தினா, கீழ இருக்கிற மர உத்திரம் தாங்காது. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனாரைத் தேடிப் பிடிங்க, அவர்கூட ரெண்டு இளவட்டத்தையும் சேர்த்து விடுங்க. பாத்ரூமைப் பழைய அறைக்குள்ள திணிக்காம, கொல்லைப்பக்கம் தனியாக் கட்டுங்க. தண்ணிதான் பழைய வீட்டுக்கு முதல் எதிரி.

ரெண்டாவது குதிரை. குதிரை அலங்காரப் பொருள் இல்லை. மார்க்கோ போலோ சொன்ன அதே பிரச்னை இன்னிக்கும் இருக்கு: லாடம் அடிக்கத் தெரிஞ்ச ஆள் எங்க? குதிரை நோய் பார்க்கிற கால்நடை டாக்டர் எவ்வளவு தூரத்துல? இதுக்கு ரெண்டுக்கும் பதில் கிடைச்ச பிறகுதான் வாங்கணும். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனா மார்வாரி, கத்தியவாரி எல்லாம் பார்க்கலாம். முதல் வருஷம் வாங்க வேண்டாம், அங்க வர்ற குதிரைக்காரங்ககிட்ட ரெண்டு நாள் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே போதும். திண்டுக்கல் வெயில்ல பகல் பதினோரு மணிக்கு மேல சவாரி வச்சா அது பாவம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அவ்வளவுதான்.

மூணாவது குடும்பம். மத்திய சுற்றுலாத் துறையோட வீட்டு விடுதித் திட்டத்துல ஒரு நிபந்தனை உண்டு. ஆறு அறைக்கு மேல கூடாது, உரிமையாளர் குடும்பம் அங்கயே குடியிருக்கணும். கேட்டா சின்ன விதி மாதிரி இருக்கும், ஆனா விஷயமே அதுதான். சென்னையில உட்கார்ந்துகிட்டு மேனேஜர் வச்சு நடத்தினா அது லாட்ஜ். குடும்பத்துல யாராவது ஒருத்தர் திரும்பி வரத் தயாரான்னு நாலு பேரும் முதல்ல பேசி முடிவு பண்ணணும். அந்தத் தம்பிகிட்ட கடைசியா நான் கேட்டதும், "நீங்க திரும்பி வருவீங்களா?"ங்கிறதுதான். இன்னும் பதில் வரலை, யோசிக்கட்டும்.

பழைய வீட்டைக் "காப்பாத்தணும், பாரம்பரியம்"னு கத்திக்கிட்டே இருக்கிறதுல எனக்கு நம்பிக்கை குறைஞ்சிடுச்சு. வேலை கொடுக்காம எந்த வீட்டையும் காப்பாத்த முடியாது. தறி ஓடின வீடு தறி இருந்தவரைக்கும் நின்னது. குதிரை, படை இருந்தவரைக்கும், ஜட்கா இருந்தவரைக்கும் நின்னது. விருந்தாளி வர்றது பெரிய புரட்சி எல்லாம் இல்லை, அந்த வரிசையில அடுத்த வேலை. ஒரு நல்லதும் இதுல இருக்கு: அந்தக் காலத்துல நிலைப்படிக்கு வெளியிலேயே நின்ன ஆட்களும் இந்த முறை உள்ள வந்து, கூடத்துல உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிடலாம். சத்திரத்துல எல்லாருக்கும் கிடைச்ச சோறு வீட்டுக்குள்ள கிடைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கு.

நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் லாயத்தோட கூடிய பழைய வீடு எதாவது இடியாம நிக்குதுன்னா சொல்லுங்க. லாயத்துல இப்போ மோட்டார் பைக் நின்னாலும் பரவாயில்லை, ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போறேன்.